பத்துக்கு ஆறு

அக்ரஹாரம், மைசூர்
8-6-1964

ஹாஸனில் இருக்கும் பூர்ணியின் அப்பாவுக்கு நாகலக்ஷ்மி செய்யும் நமஸ்காரம். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுத மனசு வரவில்லை.

காலேஜில் சேர வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். உங்கள் கையெழுத்துக்காகப் பூர்ணி அனுப்பிய பாரம் சனிக்கிழமை காலியாகவே திரும்பி வந்துவிட்டது.

எதைக் கேட்பதானாலும் முதலில் அவுட்லைன் போட்டுக் கேள் என்று அவளைப் பழக்கியது வாத்தியாரான நீங்கள்தானே? அவளும் நம்பி, ஏன் மேலே படிக்க வேண்டும் என்று மூன்று விதமாகப் போட்டு அனுப்பினாள். ஒன்று வருஷக் கிரமமாக, ஒன்று காரணமும் பலனுமாக, மூன்றாவது நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமும் ஒப்பிட்டு. நீங்கள் சிவப்பு மையால் திருத்தி, பத்துக்கு ஆறு மார்க் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள்! சரி என்றோ கூடாது என்றோ ஒரு வார்த்தை இல்லை. அவள் உங்கள் வகுப்புப் பெண்ணா, பெற்ற பெண்ணா?

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அவளையே படித்துச் சொல்லச் சொன்னேன். மூன்றாவது தாளில் ஒரு வரியைத் தாண்டிவிட்டாள். பிறகு என் தம்பி பாச்சுவிடம் காட்டினேன். காலேஜ் போனால் என்ற பக்கம் ஒன்பது வரி. வீட்டோடு இருந்தால் என்ற பக்கம் ஒரே வரி: அம்மாவைப் போல ஆகிவிடுவேன். அதன் கீழே நீங்கள், விளக்கம் போதாது என்று எழுதியிருக்கிறீர்களாம். பாச்சு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

அந்த விளக்கத்தை நான் தருகிறேன். கல்யாணமான புதிதில் நான் எழுதிய கடுதாசிகளையும் நீங்கள் இப்படித்தான் திருத்தித் திருப்பி அனுப்பினீர்கள். அதற்கப்புறம் மளிகைச் சாமான் பட்டியல் தவிர நான் எதையும் எழுதவில்லை. பதினெட்டு வருஷம். போதுமா?

இந்தப் பெண் அழக்கூட இல்லை. நீங்கள் திருத்தியபடியே மறுபடி நகல் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

தாயார் கையெழுத்தும் செல்லுமாம், பாச்சு காலேஜில் விசாரித்து வந்தான். வியாழக்கிழமை வரை உங்களுக்காகக் காத்திருப்பேன். வராவிட்டால் வெள்ளிக்கிழமை காலையில் நானே தமிழில் போட்டுக் கொடுத்துவிடுவேன்.

அவளுக்கு ஆசீர்வாதம் என்று ஒரு வரி எழுதுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். இந்தக் கடுதாசியை மட்டும் திருத்தி அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் பாரியாள்
நாகலக்ஷ்மி