வாய்க்கு ஓர் ஒறுத்தல்

பள்ளிமுனை
02.12.2024

அன்புள்ள மச்சான் முத்துவுக்கு,

அலெக்ஸாண்டர் எழுதுவது. நான் சுகம். உன் சுகத்தைத் தலைமன்னார் பஸ் கொண்டக்டரிடம் விசாரித்துக்கொள்கிறேன்.

போன் இருக்கக் கடிதம் ஏன் என்று முழிப்பாய். நேற்று, கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் தொடங்கியது. "நத்தாருக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க முதல் மனசுக்கு அடியுங்கோ. ஒவ்வொருத்தரும் ஒரு ஆளுக்குக் கைப்பட எழுதுங்கோ" என்று சுவாமி பிரசங்கத்தில் சொல்லிப்போட்டார். என் மனசுக்கு ஒரு வாளிச் சுண்ணாம்பு காணாது என்பது உனக்குத் தெரியும்.

ஊரில் எல்லாரும் திடீர்ப் புனிதர்கள். எதிர்வீட்டு மாமி விடியற்பூசைக்கு முன்வாங்கில் இருக்கிறா. மருமகளைப் பற்றி மாதாவிடம் முறைப்பாடு வைக்கத்தானோ என்று எனக்கு ஐயம். நானும் ஒறுத்தலாக நேற்றுக் காலை வெற்றிலையை விட்டேன். பின்னேரமே மனுசி பிடித்துக்கொண்டாள்: "உண்மையைச் சொல்லுங்கோ, என்ன செய்துபோட்டு வந்தனீங்கள்?"

வங்காலையில் உன் தங்கச்சி பிரான்சிஸ்காவோடு இப்போது கதைபேச்சு உண்டா? சும்மாதான் கேட்டேன்.

உன் வாய்க்கார நண்பன்,
அலெக்ஸாண்டர்


தலைமன்னார்
07.12.2024

அலெக்ஸாண்டர்,

கடிதம் கிடைத்தது. தரும்போதே கொண்டக்டர் ஒரு மாதிரிச் சிரித்தான். அவனுக்கு வாசித்துக் காட்டியிருப்பாய்.

முப்பது வருசத்தில் நீ என் சுகம் விசாரித்தது இரண்டு தரம். ஒருதரம் மோட்டார் சைக்கிள் இரவல் கேட்டாய். மற்றது கோயில் சபைத் தெரிவுக்கு வாக்குக் கேட்டாய். இப்போது என்ன வேணும்? நேராகக் கேள்.

பிரான்சிஸ்காவை ஏன் கிளறுகிறாய்? அவள் புருசன் டினேஷ் என் தங்கூசி நைலோன் வலையைக் கடற்றொழில் கந்தோர் அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்து ஆறு வருசம். தடைசெய்த வலைதான், பிழை என்னுடையதுதான். அதற்காகத் தங்கச்சி புருசனே போய்ச் சொல்வதா? "அவன்தானே?" என்று உன்னிடம் கேட்டேன், நீயும் தலையாட்டினாய். போன வருசம் அவளின் மகள் கோயிலில் புதுநன்மை எடுத்தாள், அந்தக் கொண்டாட்டத்துக்கும் நான் போகவில்லை. இந்த நத்தாருக்குக் கூப்பிட்டு ஆள் விட்டிருந்தாள். வாசல் படலையோடு திருப்பி அனுப்பினேன்.

எல்லாரையும் மன்னிக்கச் சொல்லி எங்கள் சுவாமியும் சொல்கிறார். டினேஷை மட்டும் விட்டுவிட்டு மன்னிக்கலாம் என்று இருக்கிறேன்.

அந்தோனிமுத்து


பள்ளிமுனை
16.12.2024

மச்சான்,

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். "காதல் கடிதமோ?" என்கிறாள் மனுசி.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். இருபது நிமிடமாம், பின்னால் நின்றவர்கள் மணிக்கூடு பார்த்திருக்கிறார்கள். இப்போது ஊரே என் பாவத்தை ஆராய்கிறது. கசிப்புக் குடி என்கிறார் ஒருவர், சின்னவீடு என்கிறார் இன்னொருவர். இந்த வயிற்றோடு சின்னவீடாம்! உண்மை அவ்வளவு சுவையில்லை.

வலையைச் சொன்னது டினேஷ் இல்லை. நான்.

கந்தோர் தேடிப் போகவில்லை. தேத்தண்ணிக் கடையில் சிரிப்புக் காட்டினேன்: "முத்து தங்கூசி வலையை மீன்வாடியில பாலன் குடில் வைக்கலுக்குக் கீழ ஒளிச்சு வைச்சிருக்கிறான். மூண்டு ராசாக்களும் வந்தால் கால் சிக்கி விழுவினம்!" கடையே சிரித்தது. பக்கத்து மேசையில் கடற்றொழில் கந்தோர் ஐயாவும் சிரித்தார். அடுத்த நாள் உன் வாடிக்கு வந்தார்கள்.

அந்தக் கிழமை டினேஷ் உன்னோடு சண்டைபிடித்திருந்தான். நீயாகவே அவன் பேரைச் சொன்னாய். எனக்கு வசதியாக இருந்தது.

"அந்தாள் இன்னும் தங்கச்சியோட கதைக்கிறேல்லையோ?" என்று பாவசங்கீர்த்தனத்தில் சுவாமி கேட்டார்.

"இல்லை சுவாமி."

"அப்ப நீர் செபமாலையோட தப்பேலாது. எழுதும்."

உன் மன்னிப்பு வேண்டாம் என்று பெருமையாக எழுதத்தான் பார்த்தேன். முடியவில்லை. வேணும் மச்சான். ஆனால் முதலில் வங்காலைக்குப் போ.

அலெக்ஸாண்டர்


தலைமன்னார்
21.12.2024

அலெக்ஸாண்டர்,

நேற்றுப் போனேன். உன் கடிதத்தை டினேஷ் முன்னால் வாசித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மச்சான், நீங்கள் என்னட்ட ஒருக்காக் கேட்டிருக்கலாமே" என்றான். அவ்வளவுதான். ஆறு வருசமாக அவனைக் கேட்கவில்லை. உன்னைத்தான் கேட்டேன்.

பிரான்சிஸ்கா அழவில்லை. சோறு போட்டாள். மகள்தான், "ஆரம்மா இவர்?" என்று கேட்டாள்.

நத்தாருக்கு அங்கேதான். நீ எழுதியிருக்காவிட்டால் போயிருக்கமாட்டேன், அது எனக்கு விளங்குகிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கடிதத்தை மறுபடி எடுத்து வாசித்தேன். ராசாக்கள் கால் சிக்கி விழுகிற இடத்தில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கொஞ்சக் காலம் எழுதாதே.

அந்தோனிமுத்து