குழி எண் நாற்பத்தொன்று

பிப்ரவரி 6

இன்று முழுவதும் ஹெர்பேரியத்தில், அதாவது உலர்தாவரக் கூடத்தில், அந்துருண்டை மாற்றும் வேலை. எழுபத்திரண்டு அலமாரி நிறையக் காய்ந்த செடிகள். முப்பதாவது அலமாரியிலேயே தலைவலி வந்துவிட்டது. மூன்று மணிக்கு இயக்குநர் ஹிரண்மய தா வந்தார்; மூத்தவர் என்பதால் இங்கே எல்லோரும் அண்ணன் என்ற பொருளில் 'தா' சேர்த்துத்தான் கூப்பிடுவோம். அவர் எங்கள் மாடிக்குப் படியேறி வந்தால் ஏதோ கையெழுத்து வேண்டும் என்று அர்த்தம்.

மேம்பாலச் சாலை தோட்டத்தின் கிழக்குப் பக்கத்தை அறுத்துக்கொண்டு போகப் போகிறதாம். நூற்று நாற்பது மரங்கள். அவற்றின் நடுவில்தான் நாற்பத்தொன்றாம் எண் கற்பூர மரம். 1811இல் சீனத்திலிருந்து கப்பலில் வந்த கன்று என்று தோட்டத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அதை நகரத்தின் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டால் சாலை வளைந்துதான் போக வேண்டும். அது அதே மரம்தான் என்று பாரம்பரியக் குழுவுக்கு ஹெர்பேரியத்திலிருந்து ஒரு பக்கச் சான்று வேண்டும்.

"உனக்கென்ன கேயா, கண்ணை மூடிக்கிட்டு எழுதுவே. உன் டாக்டர் பட்டமே அந்த மரத்து மேலதானே உக்காந்திருக்கு."

பட்டம் மட்டுமா? அதிலிருந்து வந்த கட்டுரையில் அவர் பெயரும் இருக்கிறது.

பிப்ரவரி 9

இலை பறிக்கத் தலைமைத் தோட்டக்காரர் தைத்தாரி காகாவோடு போனேன். ஒடிசாக்காரர். எனக்கு அவர் காகா, சித்தப்பா முறை; அவருக்கு நான் தீதி, அக்கா. நாலு தலைமுறையாக இந்தத் தோட்டம். குடும்பம் கிழக்கு மதிலுக்கு வெளியே, தோட்டக்காரர்கள் குடியிருக்கும் மாலிகள் வரிசையில்.

இலையைக் கசக்கி முகர்ந்தேன். கற்பூரம். இருபத்து நாலு வயதிலும் இப்படித்தான் முகர்ந்தேன்.

காகா ஏணியில் நின்று எண் தகரத்தின் ஆணியைத் தளர்த்திக்கொண்டிருந்தார், மரம் பருத்து அதை விழுங்கிவிடாமல் இருக்க. தகரம் எத்தனை பழசு என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"தகரம் ரொம்பப் பழசு தீதி. ஆனா நம்பர் மரத்துக்கில்ல, குழிக்குத்தான். ஒண்ணு செத்தா அதே குழியில இன்னொண்ணை வெப்போம், தகரத்தை எடுத்து அதுல அடிச்சிருவோம். மரம் வரும் போகும், குழி எங்க போகும்?" சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. இந்த மரமுமா என்று கேட்டேன். அதெல்லாம் பாட்டன் பூட்டன் காலத்துச் சங்கதி, எனக்கெப்படித் தெரியும் என்றார்.

பிப்ரவரி 11

1811 மரத்தின் முதல் கிளை எங்களிடம் இருக்கிறது. ஒட்டிய தாள் பழுத்துவிட்டது, இலை கெடவில்லை. பக்க நரம்பு பிரியும் மூலையில் குண்டூசித் தலையளவு குழி. ஒவ்வோர் இலையிலும். கற்பூர மரத்துக்கு அடையாளமே அதுதான்.

நேற்று முன்தினம் பறித்ததில் குழி இல்லை. ஓர் இலையிலும் இல்லை.

நான் மாணவியாக இருந்தபோது அதே மரத்தில் பறித்து ஒட்டிய தாளையும் எடுத்தேன். அதிலும் இல்லை. என் கையெழுத்தில் அழகாக: "மர எண் 41, நட்டது 1811." முகர்ந்தேன், தகரத்தைப் பார்த்தேன், எழுதினேன். மலையடிவாரத்தில் வளரும் இன்னோர் இனத்துக்கும் இதே வாசனை உண்டு. அதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன்.

பிப்ரவரி 12

வேறு கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கண்ணாடியில் குறை இல்லை.

பிப்ரவரி 15

1864 புயல் வருஷத்து வேலைப் பதிவேடு. பாதிப் பக்கங்களைக் கரையான் தின்றிருக்கிறது; வேண்டிய பக்கத்தைத் தின்னவில்லை. "எண் 41 விழுந்தது. எட்டு மாடுகள் கட்டி இழுத்தோம். குழியில் நாற்றங்காலிலிருந்து ஒரு கன்று வைத்தோம்."

இவ்வளவுதான். ஒளித்து வைத்த ரகசியமே இல்லை. அலமாரியின் மூன்றாம் தட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

பிப்ரவரி 18

எல்லாவற்றையும் ஹிரண்மய தாவின் மேஜையில் பரப்பினேன். பொறுமையாகப் பார்த்தார். பிறகு ஜன்னலைக் காட்டினார்.

"அந்த நூத்தி நாப்பதுல உன் நாகலிங்கம் இருக்கு. நீ பேர் கண்டுபிடிச்ச அத்தி இருக்கு. உன் உண்மையைக் குழுகிட்டச் சொல்லு, அடுத்த மாசம் ரம்பம் வந்துரும். இலையில குழி இல்லேன்னு நாலு பேர் கைதட்டுவாங்க. யார் அந்த நாலு பேர், சொல்லு?"

என்னிடம் இருந்த ஒரே பதில் "அது பொய்" என்பது. அது அவருக்கும் தெரியும்.

பிப்ரவரி 25

ஐந்து மணிக்கு வாயிலைப் பூட்டுகிறார்கள். குடியிருப்பு உள்ளேயே இருப்பதால் நானும் மரங்களோடு சேர்ந்து பூட்டப்படுகிறேன். இத்தனை வருஷம் இதை ஒரு சலுகையாக நினைத்திருந்தேன்.

எழுதினால் பொய். எழுதாவிட்டால் கொலை. நடுவுல ஒரு வழி இருக்கணுமே. இருக்கா? இருக்கற மாதிரி நானே நெனச்சுக்கறேனா? அதோட, உண்மையச் சொன்னா என் பட்டமும் போகும்னு பயமா, இல்ல, மரத்து மேல அக்கறையா? ரெண்டையும் பிரிச்சுப் பாக்க முடியல.

மார்ச் 2

கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 17

மரத்தடியில் பாரம்பரியச் சின்னக் கல்வெட்டுத் திறப்பு விழா. என் பெயரும் செதுக்கியிருக்கிறார்கள், கீழ்வரியில். எல்லோருக்கும் சந்தேஷ். நூற்று நாற்பது மரங்களும் நிற்கின்றன. நாகலிங்கம் பூத்திருக்கிறது. இனிப்பு நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 11

சாலை வளைகிறது. எங்கே வளைகிறது என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. கிழக்கு மதிலுக்கு வெளியே. மாலிகள் வரிசை, முப்பத்தாறு வீடுகள்.

ஜூன் 13

தைத்தாரி காகா மாடிக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மரத்துக்கு நீங்க சீட்டு எழுதுனீங்க தீதி. எங்களுக்கும் ஒண்ணு எழுதக் கூடாதா? நாலு தலைமுறைன்னு நிரூபிக்க எங்ககிட்டத் தாள் இல்ல. தகரமும் யாரும் அடிச்சு வைக்கல."

எழுதித் தந்தேன், இரண்டு பக்கம், அத்தனையும் நிஜம். அது ஒன்றுக்கும் உதவாது என்று எழுதும்போதே தெரியும். உதவக்கூடியது வேறொரு வரி. அதைச் சொன்னால் சாலை திரும்பித் தோட்டத்துக்குள் வரும். காகாவின் வீடு நிற்கும், அவர் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரங்கள் விழும். சொல்லவில்லை. அவர் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

செப்டம்பர் 4

இடித்துவிட்டார்கள். காகாவின் குடும்பம் தெற்கே, ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போக வேண்டிய இடத்தில். காலை ஏழுக்கு வந்து தண்ணீர் விட ஆரம்பித்துவிடுகிறார். என்னிடம் முன்போலவே பேசுகிறார். அதுதான் தாங்க முடியவில்லை.

அக்டோபர் 9

பூஜை விடுமுறை. ஊர் முழுக்க மேளம். கூடத்தில் நான் மட்டும். மேம்பாலத் தூண்கள் எழும்பிவிட்டன, மதிலுக்கு அப்பால். இனிச் சாலை எந்தப் பக்கமும் நகராது.

ஹெர்பேரியத்தில் ஒரு வழக்கம். முன்னால் எழுதியவர் பெயரைத் தவறாக எழுதியிருந்தால் அடிக்கவோ கிழிக்கவோ கூடாது. பக்கத்தில் சிறு சீட்டு ஒட்டி நம் கருத்தை எழுதி, பெயரும் தேதியும் போட வேண்டும். இருநூறு வருஷத் தாள்களில் பெரிய பெரிய ஆட்களின் தவறுகளுக்குப் பக்கத்தில் இப்படிச் சீட்டுகள் உண்டு. பிறர் தாளில் நானே நூற்றுக்கணக்கில் ஒட்டியிருக்கிறேன்.

இன்று என் தாளில் ஒட்டினேன். "1811 மரம் அன்று. அது 1864 புயலில் விழுந்தது. இது பின்னால் வைத்த வேறு இனம். மார்ச் 2 அன்று நான் தந்த சான்று தவறு, தெரிந்தே தந்தது."

சாலை நகராது என்று ஆனபிறகு எழுதுவது நேர்மையா, தந்திரமா? அலமாரியை மூடினேன். யாரும் திறக்கப் போவதில்லை என்ற தைரியமும் இருந்தது.

ஜனவரி 14

பூனாவிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி. கற்பூர மரங்கள் பற்றிய வேலையாம். என் பழைய தாளின் படம் வேண்டும். அதை அடிப்படையாக வைத்துத்தான் மற்றவற்றை ஒப்பிடப் போகிறாள். "உங்கள் கட்டுரையை நம்பித்தான் தொடங்கியிருக்கிறேன் மேடம்."

ஜனவரி 15

தாளைப் படக்கருவியின் கீழ் வைத்தேன். சீட்டின் மேல் ஒரு வெள்ளைத் துண்டை வைத்தால் போதும், தெரியாது. வைத்தும் பார்த்தேன். துண்டை எடுத்துவிட்டுப் படம் பிடித்தேன். அனுப்பியாகிவிட்டது.

ஜனவரி 30

மூன்று மணிக்கு ஹிரண்மய தா படியேறி வந்தார். பூனாவிலிருந்து அவருக்கும் கடிதம். கத்தவில்லை. அலமாரியைத் திறக்கச் சொல்லி, தாளை வெகுநேரம் பார்த்தார்.

"இந்தச் சீட்டை எடுத்துரலாம்ல, கேயா."

"நம்ம கூடத்துல எதையும் கிழிக்கிறதில்ல, தா. நீங்க வேற மாதிரி நினைச்சா பக்கத்துல ஒட்டுங்க. இடம் இருக்கு."

பசைக் கிண்ணத்தையும் ஒரு வெற்றுச் சீட்டையும் அவர் பக்கம் நகர்த்தினேன். பேனாவைத் திறந்தார். எழுதாமலே மூடினார்.

பிப்ரவரி 21

விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து விலக்கம். குடியிருப்பை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். புத்தகங்களை முதலில் கட்டினேன்.

மாலையில் தைத்தாரி காகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஜூன் 13 உட்பட. கேட்டுக்கொண்டே இருந்தார். "இப்பவா தீதி" என்றார். பிறகு, கல்வெட்டைப் பெயர்க்க அலுவலகத்தில் ஆள் கேட்டிருக்கிறார்கள், தகரத்தையும் கழற்றிவிடவா என்று கேட்டார்.

வேண்டாம், நம்பர் குழிக்குத்தானே காகா, அது சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.

இந்தமுறை அவர் சிரிக்கவில்லை. ஏணியை எடுத்துக்கொண்டு, ஆறேகால் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று போனார்.