மூன்று பட்டியலும் ஒரு விலாசமும்

செவ்வாய், இரவு.

பிளஸ் டூவை மூன்று தடவை எழுதித்தான் முடித்தேன். அந்த மூன்று மதிப்பெண் பட்டியலையும் ஒரே சான்றிதழாக்கித் தரச்சொல்லி இன்று நானும் என் வீட்டுக்காரரும் அரியலூர் பரீட்சை ஆபீசுக்குப் போனோம்.

"கணக்குல ரெண்டு தடவ ஃபெயிலாம்மா?" என்று கிளார்க் எல்லார் காதிலும் விழும்படி இளித்தான். அவன் கிடக்கிறான். இவரும் சேர்ந்து சிரித்தார். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர்!

"தபால்ல வரும். விலாசம் சொல்லும்மா."

இவர் வாயைத் திறப்பதற்குள் உடையார்பாளையத்தில் இருக்கும் என் அம்மா வீட்டு விலாசத்தைச் சொல்லிவிட்டேன்.

"நம்ம வூட்டுக்கு வந்தா என்னவாம்?" என்று பஸ்ஸில் கேட்டார்.

"வந்தா அங்கயும் சிரிப்பீங்க."

ரெட்டிபாளையத்தில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். இப்போது குறட்டை விடுகிறார். இந்த மனிதருக்குப் பயந்தா மூன்று வருஷம் புத்தகத்தை அரிசி டின்னுக்குள் ஒளித்துவைத்துப் படித்தேன்?