ஆள் இல்லாத நிழல்

நவம்பர் 8, சனி

மழை விட்டு இரண்டு நாள். வெயில் சுள்ளென்று. ஆய்வகத்தில் அரை நாள் வேலை, பிறகு பொத்தேரியில் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம். கால் வீக்கம்.

மாலை அண்ணன் வீட்டுக்கு, முடிச்சூர் தாண்டி ஆற்றங்கரை. வீடு ஆற்று நிலத்தில் இருக்கிறதாம், காலி செய்யச் சொல்லி நோட்டீஸ். அளக்க வந்த அன்று மழைத் தண்ணீர் பரந்து கிடந்திருக்கிறது, அதையும் ஆறு என்று எழுதிவிட்டார்கள். ஆறு எங்கே, வீடு எங்கே என்று காட்டும் படம் ஒன்றை மனுவோடு வைக்க வேண்டும்.

"நீதான் எடுக்கணும் ரெஹானா. ஸ்டுடியோக்காரன் வந்தா சும்மா நாலு கிளிக் பண்ணிட்டுப் பூடுவான்."

மேற்கே பார்த்துதான் எடுக்க முடியும். எதிரே சூரியன். வானத்துக்கு வெளிச்ச அளவு வைத்தால் வீடு கரிக்கட்டை. வீட்டுக்கு வைத்தால் வானமும் ஆறும் வெள்ளைத் தாள். ட்ரைபாடில் நிறுத்தி மூன்று படம்: இருட்டாக ஒன்று, நடுவாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று. கம்ப்யூட்டரில் மூன்றையும் சேர்த்தால் எல்லாம் தெரியும். ஹெச்.டி.ஆர்.

அண்ணி துணி காயப்போட்டுக்கொண்டே, "நானும் விழுவேனா?" என்றார்.

"விழுங்க அண்ணி, வீட்டுக்காரங்க நீங்கதானே."

அசையாமல் நிற்கச் சொல்லத் தோன்றவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

காலையிலிருந்து படம்தான். சமையல் பேருக்கு, ரசமும் அப்பளமும்.

இணையத்தில் பார்க்கும் ஹெச்.டி.ஆர். எல்லாம் பொருட்காட்சி பஞ்சுமிட்டாய் நிறம். அது வேண்டாம். நிறத்தைக் குறைத்தேன், மறுபடி குறைத்தேன். தண்ணீர் ஆறிப்போன டீ நிறம். ஆகாயத்தாமரை. சுவரில் பெயின்ட் உரிந்த இடம். வீட்டுக்கும் கரைக்கும் நடுவே அந்த நீள மண்தரை, முழுசாக. கண்ணால் பார்த்தது அப்படியே.

அண்ணி மட்டும் மூன்று பேர். நகர்ந்துகொண்டே இருந்ததால் மூன்று படத்திலும் மூன்று இடம். புகை மாதிரி, ஆறு கை. பக்கத்து மண்ணையும் சுவரையும் எடுத்து மேலே பூசி மறைத்துவிட்டேன். சுத்தம்.

இவர் எட்டிப் பார்த்து, "காலண்டர்ல போடலாம் போல இருக்கே" என்றார். சிரிப்பு வந்தது. ஒரு வேலை நன்றாக வந்து எத்தனை நாளாயிற்று!

ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டது. அந்த மூன்று படத்தையும் அழித்தேன். நாளை கல்லூரி விழாவுக்கு வேண்டும் என்று கேமரா கார்டையும் காலி செய்தேன்.

நவம்பர் 19, புதன்

லீவு போட்டு அண்ணனுடன் தாலுகா அலுவலகம், மனுவோடு. பத்தரைக்குப் போனோம், கூப்பிட்டது ஒன்றேகாலுக்கு. ஃபேன் சுற்றவில்லை.

அதிகாரி படத்தைக் கையில் வாங்கி, "நல்லா இருக்கே" என்றார். கண்ணாடியைக் கழற்றினார். கிட்டே வைத்துப் பார்த்தார். கீழ் ஓரத்தில் விரல் வைத்தார்.

"இந்த நிழல் யாருதும்மா?"

மண்ணில் நீளமாக ஒரு நிழல். தூக்கிய கை. அண்ணியுடையது. ஆளை அழித்தவள் நிழலை விட்டுவிட்டேன். பத்து நாளாக என் கண்ணில் படவே இல்லை.

மூன்று படத்தை ஒன்றாக்கிய கதையைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஒரு ஆளையே அழிச்சிருக்கீங்க. ஆத்தைத் தள்ளி வைக்கலைன்னு நான் எப்படி நம்புறது? ஒரிஜினல் கொண்டாங்க. அடுத்த வெள்ளி வரைக்கும் டைம்."

ஒரிஜினல் இல்லை. பஸ் ஸ்டாப் வந்த பிறகுதான் அண்ணனிடம் சொன்னேன். பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாமா இப்டி பண்ட்ட?"

திட்டியிருந்தால் தேவலை. வெட்கம். என் மேலேயே அருவருப்பு.

நவம்பர் 22, சனி

இன்று எடுக்கலாம் என்று இருந்தோம். விடிந்ததிலிருந்து தூறல். பஸ் கேம்ப் ரோடு தாண்டவில்லை, திரும்பிவிட்டேன். அண்ணி போனில்: "என்னையா அழிச்ச?" கோபமில்லை, கேள்விதான்.

மருந்து வாங்க வேண்டும். குடை ரிப்பேர்.

நவம்பர் 24, திங்கள்

மழை. ஆய்வகத்தில் ஒழுகல். வேலை ஓடவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

மழை.

நவம்பர் 27, வியாழன்

நாளை கெடு. மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. கேமராவை பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மண்தரை இல்லை. ஆறு அதன்மேல் ஏறி வந்திருந்தது. துணிக்கொடிக் கம்பம் பாதி தண்ணீரில். வாசல் படிக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு எட்டு இருக்கும். நோட்டீஸ் சொன்னதைத்தான் இந்தப் படமும் சொல்லும்.

"வேணாம்ணா. இதைக் கொடுத்தா வீடு போயிடும்."

"கொடுக்கலைன்னாலும் பூடும்" என்றார் அண்ணன். "பொய் சொன்னோம்னு பேரோட போக வேணாம். எடு."

வானம் முழுக்க ஒரே சாம்பல். வானத்துக்கும் சுவருக்கும் வெளிச்சத்தில் வித்தியாசமே இல்லை. மூன்று படம் தேவைப்படவில்லை. ஒன்றே போதும்.

அண்ணி தானாகவே வந்து படியில் நின்றார். புடவைத் தலைப்பை இழுத்துப் போட்டுக்கொண்டார். மூச்சைக்கூட அடக்கினார். நிழலே விழவில்லை.

எடுத்தேன். அண்ணி அசையாமலே கேட்டார்:

"நான் இருக்கேனா இதுல?"

"இருக்கீங்க அண்ணி."

தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை.