குளத்தில் விழாத துவக்கு

டூங்கபி, சிட்னி
15.08.1973

அன்பு மாறாத தம்பி கதிர்காமநாதனுக்கு,

அக்கா நாகேஸ்வரி எழுதிக்கொள்வது. நானும் அத்தானும் சுகம். உன்னுடைய சுகம் நீ ஒளிக்காமல் எழுதினால்தான் எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. இங்கே எங்களோடு பழகுகிற சத்தியபாமா தன் தங்கையின் கலியாணத்துக்கு ஊருக்கு வருகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். அதனால் மனதில் உள்ளதை மூடாமல் எழுதலாம். நாலாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, கோழி கிளறின மாதிரித்தான் இருக்கும். பொறுத்துப் படி. படித்து முடிந்ததும் அடுப்பில் வைத்துவிடு.

இங்கே இன்னும் குளிர் விடவில்லை. அத்தான் இரண்டு சுவெற்றர் போட்டுக்கொண்டு ரயில் வேர்க்‌ஷொப்புக்குப் போகிறார், பார்க்கப் பலாப்பழம் நடந்து போவது போல இருக்கும். பச்சை மிளகாய்ச் செடி பட்டுப்போயிற்று. வேறு குறையில்லை.

உனக்கு ஒரு புதினம். உன் அத்தான் துவக்குக்காரரோடு சேர்ந்துவிட்டார். எங்கள் கலியாணத்தில் வெடி கொளுத்தினபோது மாலையோடு காதைப் பொத்தினவர்தான், அவரேதான். வேலையிடத்துச் சிநேகிதர் வெங்கட்ராமன், திருச்சிப் பக்கத்து ஆள், பழைய ரைபிள் சேர்க்கிறவர். அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். மாதத்தில் ஒரு ஞாயிறு, லெஸ் என்ற வெள்ளைக்காரக் கிழவரின் கராஜில் எட்டுப் பத்துப் பேர் கூடுவார்கள். லெஸ் முந்தி ரயில் ஓட்டினவர். நான் பற்றிஸும் வடையும் செய்துகொண்டு போவேன். முதல் முறை வடையின் ஓட்டைக்குள்ளால் ஒருவர் குறி பார்த்தார். இப்போது வடை வராமல் ரைபிள் பூட்டுத் திறக்கமாட்டோம் என்கிறார்கள்.

தம்பி, நீ இருந்து பார்க்கவேண்டும். மேசையில் பட்டாளத்துப் போர்வை ஒன்றை விரித்து, ஒவ்வொருவரும் தன் ரைபிளைக் கொண்டுவந்து கிடத்துவார்கள். பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டிக் கிடத்துவது போல இருக்கும். ஒருவர் கையிலிருந்து மற்றவர் வாங்கினால், முதலில் பூட்டைத் திறந்து உள்ளே குண்டில்லை என்று பார்ப்பார். அவர் அடுத்த ஆளுக்குக் கொடுத்தால், அந்த ஆளும் திறந்து பார்ப்பார். இப்போதுதானே பக்கத்தில் நின்று பார்த்தீர்கள், என்ன சந்தேகம் என்று நான் கேட்டேன். சந்தேகம் இல்லை, மரியாதை என்று லெஸ் சொன்னாராம், வெங்கட்ராமன்தான் தமிழில் சொன்னார். எனக்கு அது நல்லாய்ப் பிடித்துக்கொண்டது. நாங்கள் சொந்தத் தம்பியைக்கூட இப்படித் திறந்து பார்ப்பதில்லையே.

குழலில் ஓர் எண், பூட்டில் ஓர் எண், மரக் கட்டையில் ஓர் எண் வெட்டியிருக்கும். மூன்றும் ஒன்றாக இருந்தால் பத்துப் பொருத்தமும் வாய்த்த பொம்பிளை கிடைத்த மாதிரி அவர்களுக்குச் சந்தோசம். ஆனால் பட்டாளத்துக் குண்டு போகிற ரைபிளைச் சனம் வைத்திருக்க இந்த மாநிலத்தில் விடமாட்டார்களாம். எல்லை தாண்டினால் பக்கத்து மாநிலத்தில் வைத்திருக்கலாமாம். இங்கே வைத்திருப்பதென்றால் குழலை மாற்றி, சின்னக் குண்டு போகிற மாதிரிச் செய்யவேண்டும். குழல் மாறினால் எண் மாறிவிடும், பொருத்தம் போய்விடும். வடை தின்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இந்தச் சட்டத்தைத்தான் திட்டுவார்கள். வெள்ளைக்காரர் திட்டும்போது காது சிவக்கும், பார்க்க வடிவு.

போன ஞாயிறு நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நான் சாப்பாட்டுத் தட்டோடு நிற்கிறேன். வெங்கட்ராமன் திரும்பி, 'அக்கா, துவக்கலாமா?' என்று கேட்டார். நான் தட்டை வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த ரைபிளைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன். அவர் முழித்தார். அவர்கள் ஊரில் துவக்கு என்றால் ஆரம்பி என்பதாம், இதற்குத் துப்பாக்கி என்பார்களாம். சாப்பிட ஆரம்பிக்கலாமா என்று கேட்ட மனிசனுக்கு நான் ஆயுதம் கொடுத்தால் என்ன செய்வார்? அத்தான் அதை இங்கிலிசில் சொல்ல, கராஜ் முழுக்கச் சிரித்தது.

லெஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய இடத்தில் போர்வை வெறுமையாகக் கிடந்தது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பேப்பரை எடுத்து அந்த இடத்தில் வைத்தார். பொலிஸ் கொடுத்த துண்டு. மூன்று எண்ணும் பொருந்தின ரைபிள் ஒன்றைக் குழல் மாற்ற மனமில்லாமல் ஏழு வருசமாக வீட்டுத் தரைப் பலகைக்குக் கீழே வைத்திருந்தாராம். மனிசி சேர்ச்சுக்குப் போகிற நேரம் எடுத்து எண்ணெய் போடுவாராம். இவ்வளவு வடிவான சாமானை ஏழு வருசத்தில் ஒரு சிநேகிதனுக்குக்கூடக் காட்ட முடியவில்லையாம். ஒருநாள் தொலைந்த நாயொன்றை விசாரிக்கப் பொலிஸ்காரன் கதவைத் தட்ட, இவர் அந்தப் பலகைக்கு மேலே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாராம். போன மாதம் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். நல்ல ஏச்சு வாங்கினாராம்.

ஒருவர் மேசையில் அடித்தார். சட்டம் மடச் சட்டம் என்றார். லெஸ், 'மடச் சட்டம்தான். ஆனால் நான் நித்திரை கொள்ளவேண்டுமே' என்றாராம். பிறகு அந்தத் துண்டை ஒவ்வொருவராகக் கையில் வாங்கி வாசித்து, அடுத்தவருக்குக் கொடுத்தார்கள், ரைபிளைக் கொடுக்கிற அதே பக்குவத்தோடு. அந்த மேசையில் நான் பார்த்த எல்லாவற்றிலும் அந்தப் பேப்பர்தான் பெரிதாகத் தெரிந்தது. இப்படி ஒரு ஆம்பிளையை நான் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் உன் ஆனி மாதக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். 'சிறுபோகத் துவக்கு நல்லபடி. எண்ணெய்க்கும் குறையில்லை' என்று எழுதியிருந்தாய். அன்று அத்தான் வாசித்துவிட்டு, தம்பி அவசரத்தில் 'ம்' விட்டுவிட்டார், துவக்கம் என்று இருக்கவேண்டும், விதைப்பைச் சொல்கிறார், எண்ணெய் ட்ரக்ரருக்கு என்று விளக்கம் சொன்னார். படித்த மனிசன் பிழை திருத்துவார். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள், உள்ளதைத்தான் வாசிப்பேன். நீ எழுத்துப் பிழை விடுகிறவன் இல்லை. துவக்கு நல்லபடி இருக்கிறது, எண்ணெயும் போடுகிறாய் என்றுதான் எழுதியிருக்கிறாய். 

எழுபத்தொன்றுக் கிளர்ச்சி நேரம் துவக்கெல்லாம் கொண்டுவந்து தா என்று பொலிஸ் கேட்டபோது, தோணி சரிந்து குளத்தில் விழுந்துவிட்டது என்று சொன்னாய். நானும் பக்கத்தில் நின்று ஓம், ஓம் என்று தலையாட்டினேன். நம்பித்தான் ஆட்டினேன், கள்ளா. எங்கள் வயலைக் காத்த அந்தத் துவக்குக்காக இரண்டு நாள் அழுதும் வைத்தேன். அந்தக் கண்ணீரை நீ எனக்குத் திருப்பித் தரவேண்டும்.

உன்னில் கோபமில்லை. பன்றி இரண்டு ஏக்கரை ஓர் இரவில் உழுதுவிட்டுப் போனதை நானும் பார்த்தவள்தான். துவக்கு இல்லாமல் காட்டோரத்தில் கமம் செய்யச் சொல்கிற ஆட்கள் ஒருநாள் வந்து பரணில் படுத்துப் பார்க்கட்டும். முந்தி நீ ஒற்றை வெடியில் பன்றியை விழுத்தினதை இங்கே சொன்னேன், எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். எனக்கும் பெருமைதான்.

ஆனால் அதே கடிதத்தின் ஓரத்தில் உன் மனிசி யோகராணி இரண்டு வரி எழுதியிருந்தாள். பக்கத்து ஊரில் பொலிஸ் ஜீப் வந்து வீடு வீடாகத் துவக்குத் தேடினதாம், கொண்டுபோன இரண்டு பேரும் இன்னும் திரும்பவில்லையாம், இவர் ஏனோ நாய் குரைத்தாலும் எழும்பி உட்காருகிறார் மச்சாள் என்று. ஏன் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பன்றி நெல்லைத்தான் தின்னும் தம்பி, ஜீப் ஆளைத் தின்னும்.

இது ஆவணி, குளம் வற்றியிருக்கும். சேற்றில் கிடைத்தது என்று கொண்டுபோய்க் கொடு. கொடுக்க முதல் எண்ணெயைத் துடைத்து, ஒரு கிழமை சேற்றில் கிடக்கவிடு. இல்லாவிட்டால் இரண்டு வருசமாகக் குளத்து மீனா எண்ணெய் பூசினது என்று பொலிஸ்காரன் கேட்பான். தனியாகப் போகாதே. அரியரத்தினம் விதானையாரைக் கூட்டிக்கொண்டு போ, ஊர் அதிகாரி பக்கத்தில் நின்றால் பொலிஸ் யோசிக்கும். நீ சுட்ட பன்றியில் தொடைப் பங்கு வாங்கித் தின்றவர், ஏச்சிலும் ஒரு பங்கு வாங்கட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு நில். எதிர்த்துக் கதைக்காதே. போகமுதல் யோகராணியிடம் எல்லாவற்றையும் சொல். அவள் ஒரு மாதம் கதைக்கமாட்டாள். கதைக்காமல் பக்கத்தில் இருப்பாள், அது போதும்.

உனக்கு அது வெறும் துவக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். இந்த மனிதர்களோடு பழகின பிறகு இன்னும் நன்றாகத் தெரியும். ஆனபடியால்தான் கேட்கிறேன். பெறுமதி இல்லாத சாமான் என்றால் கொடு என்று கேட்க அக்கா தேவையில்லையே.

அம்மா செத்த நாளிலிருந்து உன்னிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை. கப்பலேறும்போதுகூடக் கேட்கவில்லை. இதைக் கேட்கிறேன். நாகதம்பிரான் உன் வயலை விளையவிட்டாலும் சரி, விடாவிட்டாலும் சரி. உன்னை மட்டும் வீட்டிலேயே வைத்திருக்கட்டும்.

உன் ஒரே அக்கா,
ச. நாகேஸ்வரி