உன் கல்வெட்டும் என் வேகமும்

அன்பு மச்சான் நிதுசன்,

நீ விட்டுப்போன நீலச் செருப்பு என் காலுக்குக் கொள்ளவில்லை என்பதை ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருகிறேன். இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் ஏற்றுக்கொள்ளவும்.

டெங்கு உன்னைக் கொண்டுபோய் மூன்று கிழமை. முப்பத்தோராம் நாள் எல்லாருக்கும் கொடுக்கிற நினைவுப் புத்தகம், அதுதான் உன் கல்வெட்டு, அதுக்கு ஆக்கள் எழுத நான் ஒரு இணையப் பக்கம் செய்தேன். அது ஓடுவது வெள்ளவத்தையில், என் பழைய மடிக்கணினியில். பற்றரி எப்பவோ செத்துப்போச்சு. (உன்னிடம் சொல்லக்கூடாத சொல், மன்னிச்சுக்கொள்.)

தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் உடனுக்குடன் சேமிக்க வைத்தேன். வகுப்பே சேர்ந்து தட்ட, பக்கம் நத்தையாகிவிட்டது. "டேய், நிதுசனே திரும்பி வந்திடுவான், உன்ர பக்கம் வராது" என்றான் ஒருத்தன். நீயென்றால் சிரித்திருப்பாய், இல்லையா?

வன்தட்டில் எழுதி முடியும்வரை தரவுத்தளம் ஒவ்வொரு தரமும் காத்திருக்கிறதுதான் தாமதம். நிரலில் ஒரு வரியை மாற்றினேன்: காத்திருக்காதே, எல்லாம் நினைவகத்தில் இருக்கட்டும், உடனே 'சேமிச்சாச்சு' என்று காட்டு, தட்டில் மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழுது. பிறகென்ன, பறந்தது! எனக்கு மாலை போடாத குறை.

நேற்றுப் பின்னேரம் கரண்ட் போய், ஐந்து நிமிஷத்தில் வந்தது. வகுப்புக் குழுவில் "ஒண்டும் போகேல்லை. நான் ஆர்?" என்று போட்டேன். கைதட்டல் குவிந்தது.

மச்சான், ஒன்று போனது.

கரண்ட் போக இருபது நிமிஷம் முன்னம், கொட்டாஞ்சேனையிலிருந்து உன் அம்மா போன் எடுத்தவ. இவ்வளவு நாளும் ஒரு வரி எழுதாமல் இருந்த மாமி. "எழுதிப்போட்டன் மோனை. பதிஞ்சிட்டுதோ? இன்னொருக்கா என்னால ஏலாது."

"ஓம் மாமி, திரையில சேமிச்சாச்சு எண்டு வந்தால் சரி" என்றேன், பெரிய ஆள் மாதிரி.

தட்டில் எழுதுப்பட முதலே அது கரண்டோடு நினைவகத்திலிருந்து அழிந்துபோச்சு. நான் அதை வாசிக்கவும் இல்லை. என்ன எழுதினவ என்று உனக்காவது தெரியுமா?

நிரலில் அந்த வரியைப் பழையபடி மாற்றிவிட்டேன். பக்கம் திரும்பவும் நத்தை. மாமிக்கு இன்னும் சொல்லவில்லை. காலையிலிருந்து இரண்டு தரம் பஸ் தரிப்பு வரைக்கும் போய், பயத்தில் திரும்பி வந்தேன். மூன்றாம் தரம் ஏறுவேன், இது சத்தியம். அவ சொன்னால் பக்கத்தில் இருந்து எழுதுவேன். மாட்டன் என்றால், உன் கல்வெட்டில் அவவின் பக்கம் வெறுமையாகவே போகும், ஏன் என்று கீழே நான் எழுதி, என் பெயரோடு.

உன் மாமா மகன், வாய்க்காரன்,
கபில்