பேசாதவர் பேசிய வரி

மார்ச் 3

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், இல்லையென்றாலும் சொல்லவா போகிறீர்கள்? ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை முடிந்ததும் காலி அறைக்குப் போகப் பிடிக்காமல், மாலையில் கதை எழுதும் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். பாத்திரத்துக்கு ஓர் ஆசை வேண்டுமாம், அதற்கு ஒரு தடை வேண்டுமாம், அப்போதுதான் கதை நகருமாம். ஆசிரியை சொல்கிறார். நான் உங்களைத்தான் எழுதியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், கட்டிய புருஷனைத் தவிர வேறு யாரை எனக்கு இவ்வளவு தெரியும்? கதையை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துவிட்டு ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் வாயாடி

மார்ச் 12

அன்புள்ள வாயாடிக்கு,

கதை கிடைத்தது. பழுது பார்க்கப் போன இடத்தில் லிஃப்டை இரண்டு மாடிக்கு நடுவே நிறுத்தி, அதன் கூரைமேல் உட்கார்ந்து படித்தேன். கீழே காத்திருந்தவர்கள் வாயாரத் திட்டினார்கள். கிரீஸ் துணியைச் சட்டைப் பையிலேயே திணித்துக்கொள்கிற ஆள் நானேதான். ஆனால் நீ ஊரைவிட்டுப் போன அன்று, பேருந்து நிலையத்தில் உன் கதையில் வருகிறவன் "போகாதே" என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொள் என்றுதானே சொன்னேன். நடக்காததை எழுதலாமா?

இப்படிக்கு,
நான்தான்

மார்ச் 20

அன்புள்ளவருக்கு,

எழுதலாம், அதற்குப் பெயர்தான் கற்பனை. ஆனால் ஆசிரியையும் உங்கள் கட்சிதான். அந்த வரியைச் சிவப்பு மையால் சுழித்து, "கதை முழுக்க வாயே திறக்காத மனுஷன் இங்க மட்டும் எப்படிம்மா பேசுவான்? இது அவன் பேச்சு இல்ல, உன் ஆசை" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தேன். சொல்லியிருந்தால் இறங்கியிருப்பேன், வேலையாவது மண்ணாவது.

முடிவை மாற்றி எழுதச் சொல்கிறார். அந்த ஆளுக்கு என்னதான் வேண்டும்? எனக்குத் தெரியவில்லை. நீங்களே சொல்லுங்கள்.

வாயாடி

ஏப்ரல் 2

அன்புள்ள வாயாடிக்கு,

நீ ஜன்னலோரத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய். பேருந்து வளைவில் திரும்பிய பிறகு நடந்தது உனக்கு எப்படித் தெரியும்? கீழே நின்றவன் பக்கமிருந்து எழுதினால் இப்படி வரும். அவன் ஓடினான். செருப்பு வார் அறுந்தது. ஒரு வாடகை வண்டியை மறித்து ஏறினான். அடுத்த நிறுத்தத்தில் பேருந்து நிற்கவில்லை. யார் போகிறார்கள் என்று வாடகை வண்டிக்காரர் கேட்டார். "என் பொண்டாட்டி. போகாதேன்னு சொல்லணும்" என்றான்.

முன்பின் தெரியாதவரிடம் வந்த வார்த்தை உன்னிடம் வரவில்லை. அந்த வேலைக்கு நீ எவ்வளவு ஆசைப்பட்டாய் என்று எனக்குத் தெரியும், அதுதான் தடுத்துவிட்டது. அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாய். நீதான் வேண்டும். வந்துவிடேன்.

உன்
ஊமைக்கோட்டான்

ஏப்ரல் 9

என் அன்பானவருக்கு,

உங்கள் கடிதத்தை வகுப்பில் படித்தேன். பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை, மீதியை ஆசிரியைதான் வாங்கிப் படித்தார். இருவர் பக்கமும் சேர்ந்தால்தான் இது கதை என்றார்.

அன்று இறங்கியிருப்பேன் என்று எழுதினேன், அது உண்மை. இன்று இறங்க மாட்டேன். இந்த வேலை எனக்குப் பிடித்துப்போய்விட்டது, நுண்ணோக்கியில் பார்த்து நான் சொல்வதை மருத்துவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். தொடக்கத்தில் இருந்தபடியே கடைசிவரை இருப்பவள் கதைக்கு ஆகமாட்டாளாம். நான் மாறிவிட்டேன். ஆனால் நீங்கள் வேண்டும் என்பது மட்டும் மாறவே இல்லை.

லிஃப்ட் எல்லா ஊரிலும் பழுதாகிறது. கிளம்பி வாருங்கள்.

உங்கள் வாயாடி